கற்களிடையே விஷ்ணுகிராந்தி

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் சாலையில் நார்த்தாமலையை நெருங்கும்போது, இருபுறமும் மொட்டைப் பாறைகளும், அவற்றின் அடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலங்களும், காரையும் சூரையும் மண்டிய புதர்களும் தென்படும். மேலமலையின் மேல் நிற்கும் விஜயாலய சோழீசுவரத்தைத் தரிசிக்க வருகிறவர்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கற்றளியின் அழகிலே மனத்தைப் பறிகொடுத்து, தாம் மிதித்து ஏறி வந்த பாறைச் சரிவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில், காலை வேளையில் அந்தச் சரிவிலே குனிந்து பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு, பாறையின் பள்ளங்களில் நாலு விரற்கடை ஆழத்துக்கு மட்டும் தங்கியிருக்கும் பொடிமண்ணில், தரையோடு தரையாகப் படர்ந்த மெல்லிய தண்டுகளின் மேல், சுண்டுவிரல் நகத்திலும் சிறிய நீலப் பூக்கள் ஏராளமாக விரிந்து கிடப்பது கண்ணில் படும். அதுதான் விஷ்ணுகிராந்தி.

இந்தச் செடியை என் வீட்டு முற்றத்தில், கற்களைக் கொண்டு அமைத்த ஒரு சிறு பாறைத் தோட்டத்தில், பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். ரோஜாவையும் மல்லிகையையும் வளர்க்கும் முறை பற்றி நம் மொழியில் எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். மழையை மட்டும் நம்பிப் பொட்டலிலே வாழும் ஒரு காட்டுப் பூவை வளர்த்த அனுபவத்தை எழுதியவர்கள் மிகக் குறைவு. அதனால், எனக்குத் தெரிந்தவற்றையும் எனக்குத் தெரிவித்தவர்களையும் பற்றி இங்கே எழுதுகிறேன்.

விஷ்ணுகிராந்தி, சர்க்கரைவள்ளியும் கடற்கரை மணலில் படரும் அடம்பும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. அந்தக் குடும்பத்துக் கொடிகளில் பெரும்பாலானவை பற்றுக்கோடு தேடிச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுபவை. இதுவோ எதையும் பற்றாமல், ஒரே வேர்க்குச்சியிலிருந்து நாலா திசையிலும் தண்டுகளை விட்டுக்கொண்டு மண்ணின் மேல் படுத்திருக்கும். லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டுத் தாவர சாஸ்திரி 1753ஆம் ஆண்டில் இதை ஏனைய கொடிகளோடு சேர்த்து வைத்துப் பிறகு 1762இல் தனி இனமாகப் பிரித்தார். தமிழ்நாட்டின் சமவெளித் தாவரங்களை ஊர் ஊராக அலைந்து திரட்டி, 1980களில் பெரும் தொகுதிகளாக வெளியிட்ட பாதிரியார் கே.எம். மாத்யூவின் திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்தாவரக் களஞ்சியத்திலே, நம் ஊர்ப் பொட்டல்களில் மிதிபட்டுக் கிடக்கும் இப்படிப்பட்ட செடிகள் எவ்வளவு சிரத்தையோடு ஒட்டிப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்பதை நான் பார்த்த நாள் முதல், எளிய செடி என்று எதையும் ஒதுக்கும் பழக்கம் என்னை விட்டுப் போயிற்று.

பூவைப் பறித்து ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து இதழ்களும் ஒன்றாக இணைந்து வட்டத் தட்டாக விரிந்திருக்கும். நடுவிலே வெள்ளையாக ஒரு சிறு குழி. அதைச் சுற்றி ஐந்து மகரந்தத் தண்டுகள். சூலகத்திலிருந்து இரண்டு இழைகள் எழுந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்து, ஆக நான்கு நூல்களாக அந்த நீலத்தின் மேல் நிற்கும். இலையின் இருபுறமும் பட்டுப் போன்ற வெள்ளை ரோமம் படிந்திருப்பதால், விடியற்காலையில் பனித்துளி இலையிலே ஒட்டாமல் ரோமத்தின் நுனிகளில் தாங்கி நிற்கும். வெயில் ஏறிய பிறகு அதே ரோமம் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, இலையிலிருந்து ஈரம் வெளியேறுவதையும் தணிக்கிறது. பூவின் ஆயுள் ஒரு காலைப் பொழுதுதான். கொசுத்தேனீக்கள் வந்து போகும் வரையில் விரிந்திருந்து, உச்சி வெயிலுக்கு முன்பே சுருங்கிவிடும். பிறகு காம்பு கீழ்நோக்கி வளைய, உருண்டையான சிறு காய் ஒன்று உண்டாகி, காய்ந்து நான்காகப் பிளந்து, வழுவழுப்பான கறுத்த விதைகளை உதிர்க்கும்.

இவ்வளவு சிறிய செடிக்கு நம் சமூகத்தில் இருக்கும் கௌரவம் சிறிதன்று. சித்த வைத்தியத்தில் ஜுரத்துக்கு இதைக் கஷாயமாகக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். மலையாள நாட்டில் தசபுஷ்பம் என்று கொண்டாடும் பத்துச் செடிகளில் இதுவும் ஒன்று. மார்கழித் திருவாதிரையில் அங்குள்ள பெண்கள் அவற்றைத் தலையில் சூடிக்கொள்கிறார்கள். ஆனால் மருந்தாகப் பயன்படுவது சமூலம், அதாவது வேர் முதல் பூ வரை முழுச் செடி. ஆகையால் நாட்டு மருந்துக் கடைக்கு வரும் ஒவ்வொரு கட்டு விஷ்ணுகிராந்தியும், ஏதோ ஒரு பொட்டலிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டதுதான். பல்லாண்டு வாழக்கூடிய செடிக்கு உயிர் வேரில் இருக்கிறது. கோடையில் தண்டும் இலையும் காய்ந்து போனாலும் வேர்க்குச்சி மண்ணுக்குள் காத்திருந்து அடுத்த மழையில் துளிர்க்கும். அந்த வேரையே எடுத்துவிட்ட பிறகு அவ்விடத்தில் துளிர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

இதை எனக்கு விளங்கவைத்தவர், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மூலிகை பறித்துக் கொண்டுவந்து புதுக்கோட்டைக் கடைகளில் விற்றுவந்த ஒரு மூதாட்டி. நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் வந்து குடியேறிய காலத்தில், காலை நேரங்களில் பாறைகளின் பக்கம் உலாவப் போகும்போது அவரைச் சந்திப்பேன். "ஆத்தா, இன்னைக்கு என்ன கிடைச்சுது?" என்று நான் கேட்பதும், அவர் மடியை விரித்து ஓரிதழ்த்தாமரை, சிறுபீளை, கொழுஞ்சி, விஷ்ணுகிராந்தி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதும் எங்களுக்குள் வழக்கமாகிவிட்டன. ஒருநாள் அவர் பாதையோரத்துச் செடிகளை மட்டும் பிடுங்கி, இரண்டடி தள்ளிப் பாறை வெடிப்பில் கொழுத்து வளர்ந்திருந்தவற்றைத் தொடாமல் நகர்ந்ததைக் கவனித்து, காரணம் கேட்டேன்.

"பாதையோரத்துல இருக்கிறது நமக்கு, தம்பி. பாறைக்குள்ள இருக்கிறது மலைக்கு. அதையும் புடுங்கிட்டா அடுத்த வருசம் நான் எதைப் பறிக்கிறது?"

எழுத்தறியாத அந்த அம்மையார் கடைப்பிடித்த அந்த நியமத்தைவிடச் சிறந்த வன பரிபாலனச் சட்டம் ஒன்றை நான் எந்தக் காகிதத்திலும் படித்ததில்லை. பாதையோரத்துச் செடி எப்படியும் ஆட்டுக்கும் காலடிக்கும் பலியாகக்கூடியது. வெடிப்பிலுள்ள செடியோ ஆண்டுக்கு ஆண்டு விதை உதிர்த்து, பாதையோரத்தை மறுபடி நிரப்பித் தருகிறது. இதைக் கண்ட அன்றுதான், மலையிலிருந்து ஒரு வேரையும் எடுக்காமல், விதையிலிருந்தே இந்தச் செடியை வீட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு உண்டாயிற்று.

பாறைத் தோட்டம் என்பது ஆங்கிலேயர் கலை. லண்டனுக்கு அருகே க்யூ தோட்டத்தில் 1882ஆம் ஆண்டில் அப்படி ஒன்று அமைத்தார்கள். ரெஜினால்ட் ஃபாரர் என்பவர் 1919இல் அந்தக் கலையைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். பனி மலைகளின் உச்சியில் வாழும் செடிகள், இங்கிலாந்தின் சமவெளியில் குளிர்கால ஈரத்தால் வேர் அழுகிப் போகாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே அவர்கள் கல்லையும் சரளையையும் கொட்டி, நீர் வடியும் மேடுகளை எழுப்பினார்கள். நம் ஊரில் கல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சித்திரை மாதத்துப் பிற்பகலில் கையால் தொட முடியாதபடி கொதிக்கும் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் ஒரு சாண் தோண்டிப் பார்த்தால், அந்த மண் குளிர்ந்திருக்கும். வெளியே புழுதியாகிவிட்ட மண்ணில் இல்லாத ஈரம் அங்கே ஒட்டியிருக்கும். வெயில் நேராக மண்ணைத் தொட்டு ஈரத்தை உறிஞ்சாதபடி கல் மூடிக்கொள்கிறது. அதுமட்டுமன்றி, பாறையின் மேல் விழும் மழையெல்லாம் வழிந்து வெடிப்பிலே சேர்வதால், அரை அங்குல மழை பெய்தாலும் வெடிப்பிலுள்ள செடிக்குக் கிடைக்கும் நீர் அதைப்போல் பல மடங்கு. பரந்த மேட்டு நிலத்தின் மழையை ஒரு பள்ளத்துக்குத் திருப்பிக் கண்மாயும் ஏந்தலும் வெட்டி, வற்றாத நதி இல்லாத இந்தச் சீமையில் நெல் விளைவித்த நம் முன்னோர்கள், பாறை வெடிப்பு செய்யும் இதே காரியத்தைத்தான் பெரிய அளவிலே செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

என் வீட்டின் தென்மேற்கு மூலையில், பகலில் பெரும்பகுதி நேரம் வெயில் விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கல் உடைக்கும் குழியில் வேண்டாம் என்று ஒதுக்கிய கருங்கல் துண்டுகளும், பழைய சுவர் ஒன்றிலிருந்து கிடைத்த செம்பூராங்கற்களும் ஒரு மாட்டு வண்டியில் வந்து இறங்கின. வேலைக்கு வந்த கொத்தனார் கெட்டிக்காரர். ஆனால் கல்லைக் கண்டதும் சிமெண்டைக் குழைத்து இடுக்குகளை அடைக்க வேண்டும் என்பதே அவர் அபிப்பிராயம். இடுக்குக்காகத்தான் கல்லே வைக்கிறோம் என்று சொல்லி அவரைச் சம்மதிக்கச் செய்வதற்குச் சற்று நேரம் பிடித்தது. சம்மதித்த பிறகு, அவர் காட்டிய நேர்த்தியை மறக்க முடியாது. ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதையும்படியும், மேல்முகம் சற்றுப் பின்பக்கமாகச் சாய்ந்து, விழும் மழை செடியின் வேரை நோக்கி உள்ளே இறங்கும்படியும், காலால் மிதித்தால் ஆடாதபடியும் வைத்தார். அடியில் உடைந்த ஓடும் செங்கல் சில்லும் ஒரு முழ உயரத்துக்குப் போட்டு, அதன்மேல் செம்மண், ஆற்றுமணல், சரளை மூன்றையும் சமபாகமாகக் கலந்து நிரப்பினோம். தொழுவுரம் ஒரு கூடைகூடச் சேர்க்கவில்லை. அது மூதாட்டியின் கட்டளை.

விதை தந்தவரும் அவரே. தை கடைசியில் காய்ந்த காய்களை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் குடும்பத்து விதைகளின் மேலோடு கெட்டியானது. தண்ணீர் எளிதில் உள்ளே புகாது. பாறையிலே கிடக்கும் விதை, வெயிலிலும் மணல் உராய்விலும் மாதக்கணக்கில் அடிபட்டுத்தான் முளைக்கத் தயாராகிறது. அதனால் நான் விதைகளைச் சொரசொரப்பான மணலோடு சேர்த்து இரண்டு ஓடுகளுக்கிடையே மெல்லத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஊறி உப்பியவற்றை மட்டும் பொறுக்கிக் கல்லிடுக்குகளில் தூவினேன். தூவியதற்கு மேல் மெல்லிய சரளை ஒரு பரப்பு, அவ்வளவுதான். புரட்டாசி மழையில் முளைத்தவை ஐப்பசிக்குள் வேரூன்றி, மார்கழியில் முதற்பூவைக் காட்டின.

அந்தப் பூக்களைப் பார்க்க வந்தவர்களில் என் மைத்துனரும் ஒருவர். செடிகளிடம் உண்மையான அன்பு உடைய மனிதர். இரண்டு நாற்றுக்களை வாங்கிச் சென்று, நல்ல எருவும் இலைமக்கும் நிறைந்த தொட்டியில் வைத்து, காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் வார்த்தார். தண்டு நீண்டது, இலை பெரிதாயிற்று, ஆனால் இலையின் வெள்ளை ரோமம் குறைந்து, பச்சை நிறம் ஏறிற்று, பூவோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. அடுத்த அடைமழையில் வேர் அழுகிச் செடிகள் இரண்டும் மறைந்தன. அந்தச் செய்தியை மூதாட்டியிடம் சொன்னபோது அவர் வருத்தத்தோடு சொன்னார்: "அதுக்கு ஊட்டம் ஆகாது தம்பி. காயப் போட்டுத்தான் வளக்கணும். வயிறு நெறைஞ்சா அது எதுக்குப் பூக்கும்?" ஊட்டம் மிகுந்தால் தழையும், ஊட்டம் குறைந்தால் பூவும் மிகுவதைப் பல காட்டுச் செடிகளில் காணலாம் என்று தோட்டக்கலை நூல்களும் கூறுகின்றன; ஆனால் அவர் சொன்ன மாதிரி அவை சொல்வதில்லை.

அந்தச் செடியின் உறுதியை நான் முழுமையாக அறிந்தது 2016ஆம் ஆண்டில் தொடங்கிய வறட்சியில். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைந்து பொய்த்துப் போயிற்று. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடங்களோடு நிற்கும்போது, செடிக்கு நீர் வார்ப்பதை யார் நினைப்பார்கள்? என் முற்றத்தில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் கண் எதிரே வாடி மாய்ந்தன. விஷ்ணுகிராந்தியின் தண்டுகள் மாசியிலேயே பழுப்பாகி, பங்குனியில் சருகாகி, சித்திரையில் காற்றோடு போயின. கல்லிடுக்குகளில் ஒரு செடி இருந்ததற்கான அடையாளமே இல்லை. நான் ஓர் இடுக்கில் சரளையை விரலால் விலக்கிப் பார்த்தேன். பென்சில் கனத்துக்கு ஒரு வேர்க்குச்சி, சாம்பல் நிறத் தோலோடு, கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. நகத்தால் தோலைச் சற்றுக் கீறியபோது உள்ளே பச்சை தெரிந்தது. மறுபடி மூடிவிட்டேன். கோடை மழை ஒன்று பெய்த மறுவாரத்தில், அந்த இடத்திலிருந்து ஊசி முனைபோல் வெள்ளை ரோமம் பூத்த துளிர்கள் நாலைந்து கிளம்பியதைப் பார்த்து, நான் அடைந்த ஆனந்தத்தை மிகையில்லாமல் எழுதுவது எனக்குச் சாத்தியமில்லை. வீட்டில் உள்ளவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன் என்று மட்டும் சொல்லலாம்.

பின்னர் 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலில் கஜா புயல் வந்தது. வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல் எங்கள் மாவட்டத்தில் சாய்த்த மரங்களை எண்ணி முடியாது. தென்னையை இழந்த குடும்பங்கள் பட்ட துயரத்தின் முன்னே ஒரு முற்றத்து நஷ்டம் பேசத் தக்கதன்று. ஆயினும் எங்கள் வீட்டு வேம்பு, என் தகப்பனார் நட்டது, வேரோடு பெயர்ந்து பாறைத் தோட்டத்தின் மேல் குறுக்காக விழுந்து கிடந்ததை இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. மரத்தை அறுத்து அப்புறப்படுத்த வெகு நாளாயிற்று. அடியிலே கற்கள் ஒன்றும் நகரவில்லை; கொத்தனார் மூன்றில் ஒரு பங்கு புதைத்ததன் பலன் அது. தரையோடு படுத்திருந்த செடிகளுக்கும் கிளை முறிந்தவற்றைத் தவிர வேறு சேதமில்லை. வேம்பின் நிழல் விழுந்துகொண்டிருந்த கீழ்ப்பக்கத்து இடுக்குகளில் அதுவரை பூக்காமலே இருந்த செடிகள், வெயில் கிடைத்த அந்தத் தை மாதத்தில் முதல்முறையாகப் பூத்தன. இந்தச் செடிக்கு வெயிலைப் போல வேறொன்றும் முக்கியமில்லை என்பதை அப்போது பிரத்தியட்சமாகக் கண்டேன். வேம்பு இருந்திருக்கலாம் என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

மூதாட்டி இப்போது இல்லை. அவர் பறித்துத் திரிந்த நிலங்களில் ஒரு பகுதியில் தைலமரம் வரிசை வரிசையாக நிற்கிறது. அதன் சருகு மெத்தையின் கீழ் விஷ்ணுகிராந்தியும் ஓரிதழ்த்தாமரையும் தலைதூக்குவதில்லை. இன்னொரு பகுதியில் பாறையே கல்குவாரிக்குப் போய்விட்டது. வேளாண்மைக்கு உதவாது, ஆகவே எதற்கும் உதவாது என்று கருதப்படும் அந்தச் சரளை மேடுகளில், மழைக்கு மழை விழித்தெழும் எத்தனையோ வேர்கள் இருக்கின்றன என்பதைத் திட்டம் வகுப்பவர்கள் ஒருமுறையாவது கார்த்திகை மாதத்தில் வந்து, வண்டியைவிட்டு இறங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை.

நாற்றுப் பண்ணைகளில் இதே இனத்தைச் சேர்ந்த, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய நீலப் பூச்செடி ஒன்று தொட்டியில் கிடைக்கிறது. பார்வைக்கு அழகானதுதான், அதை வளர்ப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெயில் விழும் ஒரு மூலையும், நாலு கல்லும், ஒரு கூடைச் சரளையும் உடையவர்கள், நம் பாறைகளில் வாழும் இந்தச் சிறிய செடிக்கும் ஓர் இடுக்கை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையிலுள்ள செடியைத் தோண்ட வேண்டாம். தோண்டி எடுத்த முற்றிய வேர்க்குச்சி வீட்டில் பிழைப்பதும் அரிது. தை, மாசியில் காய் காயும்போது ஒரு கைப்பிடி மட்டும் பறித்து, மீதியை அங்கேயே உதிர விடுங்கள். விதைக்கும் காலம், ஆடிக் காற்று அடங்கிய பிறகு, புரட்டாசியின் முதல் மழைக்கு முன்.